ஹாமும் சிபியும்: சேலம், ஏற்காடு நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலத்தில் ஹாம் ரேடியோ பற்றிப் பேச்செடுத்தால் யாராவது ஒருவர் சிபி பற்றிக் கேட்காமல் விடுவதில்லை. வெளிநாட்டு வீடியோக்களில் ஹாம்காரர்களும் சிபிகாரர்களும் ஒருவரையொருவர் மட்டம் தட்டுவதைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். சிலர் அதே சண்டையை இங்கேயும் தொடங்கிவிடுகிறார்கள். நான் உரிமம் வாங்கிய ஹாம். இந்தப் பகை நம் ஊருக்கு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. காரணங்கள் கீழே பதில்களில் வரும்.

ஹாம் என்பவர் யார்? சிபிகாரர் யார்?

தேர்வு எழுதி, அரசிடம் உரிமமும், கால்சைன் என்ற அடையாள எழுத்தெண்ணும் வாங்கி, அமெச்சூர் சேவைக்கென ஒதுக்கிய அலைவரிசைகளில் பேசுபவர் ஹாம். இந்தியாவில் கால்சைன் பெரும்பாலும் வியு2, வியு3 என்று தொடங்கும். ஹாம் தன் செட்டைத் தானே செய்யலாம், பிரிக்கலாம், மாற்றலாம். ஆனால் தொழில் பேச்சு கூடாது, பாட்டுப் போடக் கூடாது, ரகசியக் குறியீட்டில் பேசக் கூடாது, கால்சைன் சொல்லாமல் பேசவே கூடாது.

சிபி என்பது சிட்டிசன்ஸ் பேண்ட். 27 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் பொதுமக்களுக்காகத் திறந்துவிட்ட ஒரு சின்னப் பகுதி. தேர்வு இல்லை. அங்கீகரிக்கப்பட்ட செட்டை வாங்கி, உள்ளே கை வைக்காமல் அப்படியே பயன்படுத்த வேண்டும். தோட்ட வேலை, வண்டி, சரக்கு என்று எதைப் பற்றியும் பேசலாம்.

இரண்டு பேருக்கும் அப்படி என்ன சண்டை? எங்கே ஆரம்பித்தது?

அமெரிக்காவில், 1958இல். அதுவரை 27 மெகாஹெர்ட்ஸ் அங்கே ஹாம்களின் கையில் இருந்தது. அலைநீளத்தை வைத்து அதை 11 மீட்டர் பேண்ட் என்பார்கள். அந்த நாட்டின் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்சிசி அதை ஹாம்களிடமிருந்து எடுத்து, 23 சேனல்களாகப் பிரித்து, பொதுமக்களின் சிபிக்குக் கொடுத்தது. பரீட்சை எழுதி உள்ளே வந்தவர்களிடமிருந்து பிடுங்கி, எழுதாதவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்ற கசப்பு அன்று விழுந்தது. அந்தக் காலத்து ஹாம்களில் பலர் அதைக் கடைசி வரை மறக்கவில்லை.

சிபிக்கும் ஆரம்பத்தில் உரிமம் இருந்தது. படிவம் நிரப்பினால் போதும். 1973 எண்ணெய் நெருக்கடி வந்ததும் நிலைமை தலைகீழானது. டீசல் எங்கே கிடைக்கிறது, புதிதாக வந்த 55 மைல் வேகக் கட்டுப்பாட்டுக்குப் போலீஸ் எங்கே நிற்கிறது என்று லாரி டிரைவர்கள் சிபியில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அப்புறம் நாடே சிபி வாங்கியது. அதிபரின் மனைவி பெட்டி ஃபோர்டு கூட ‘ஃபர்ஸ்ட் மாமா’ என்ற புனைபெயரில் சிபியில் பேசினார். 1977இல் சேனல்களை 40 ஆக்கினார்கள். விண்ணப்பங்கள் குவிந்ததில் உரிம முறையே அர்த்தமில்லாமல் போய், 1983இல் அதையும் கைவிட்டார்கள்.

ஹாம்களின் பார்வையில் இது கட்டுப்பாடு இல்லாத கூட்டம். சிபிகாரர்களின் பார்வையில் ஹாம்கள் தலைக்கனம் பிடித்தவர்கள். இரண்டு பக்கமும் கொஞ்சம் உண்மை உண்டு.

ஹாம்களுக்குத் திமிர் என்கிறார்களே, உண்மையா?

சிலருக்கு உண்டு, மறைக்க வேண்டியதில்லை. சரியான நடைமுறை தெரியாமல் யாராவது அலைவரிசையில் நுழைந்தால் ‘சிபிகாரன் மாதிரிப் பேசாதே’ என்று வெட்டிவிடுகிற மூத்தவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். புதிதாக உரிமம் வாங்கி, கை நடுங்க முதல் தடவை மைக்கை அழுத்தும் ஒரு பையனுக்கு அந்த ஒரு வாக்கியம் போதும். அதன் பிறகு அவன் வர மாட்டான்.

புள்ளியும் கோடுமாக ஒலித்து எழுத்துகளை அனுப்பும் மார்ஸ் கோட் விஷயத்தில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரிந்தது. ஷார்ட்வேவ் எனும் சிற்றலையில் பேச மார்ஸ் கட்டாயம் என்ற சர்வதேச விதி 2003இல் நீங்கியது. அமெரிக்கா 2007இல் மார்ஸ் தேர்வை முழுவதும் எடுத்துவிட்டது. இனி சிபிகாரர்கள் எல்லாம் உள்ளே வந்து நம்மைக் கெடுத்துவிடுவார்கள் என்று அப்போது பெரிய கூச்சல். வந்தார்கள்தான். வந்தவர்களில் பலர் நல்ல ஹாம்கள் ஆனார்கள். சிபியில் ஒரு நள்ளிரவில் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருப்பவர் குரலைக் கேட்டு அசந்துபோய், இது எப்படி நடக்கிறது என்று தேடிப் போனவர்கள் அவர்கள். இதைவிட நல்ல ஆரம்பம் ஒரு ஹாமுக்கு என்ன இருக்க முடியும்?

எனக்கும் மார்ஸ் பிடிக்கும். குறைந்த சக்தியில், இரைச்சலுக்கு நடுவிலும் காதில் விழுகிற முறை அது. பிடித்தவர்கள் கற்றுக்கொள்ளட்டும். வாசலில் தடியோடு நிற்கும் காவலாளியாக அதை ஆக்கியதுதான் தப்பு.

அப்படியென்றால் சிபிகாரர்கள் மேல் தப்பே இல்லையா?

இருக்கிறது. ஹாம்களின் முக்கியமான குற்றச்சாட்டு சக்தி பற்றியது. அமெரிக்கச் சட்டப்படி சிபிக்கு ஏஎம் முறையில் 4 வாட்தான். அதை நூறு, ஆயிரம் வாட் ஆக்கும் ‘லீனியர்’ பெட்டிகள் திருட்டுத்தனமாக விற்றன. தரமில்லாத பெட்டி என்றால் 27 மெகாஹெர்ட்ஸில் பேசுவது அதன் இரு மடங்கான 54லும், மூன்று மடங்கான 81லும் கசியும். அந்தக் காலத்தில் பக்கத்து வீட்டு டிவி கோடு கோடாகும். தெருக்காரர்கள் கூரை மேல் பெரிய ஆன்டெனா எந்த வீட்டில் இருக்கிறது என்று பார்ப்பார்கள். பெரும்பாலும் அது ஒரு ஹாம் வீடாக இருக்கும். திட்டு அவருக்கு.

ஒருவர் சக்தியை ஏற்றினால் அடுத்தவரும் ஏற்றுவார். ஆடி மாதம் நம் சேலத்தில் மாரியம்மன் பண்டிகைக்கு எதிரெதிர்த் தெருக்களில் ஸ்பீக்கர் கட்டுகிறார்களே, அந்தக் கதைதான். கடைசியில் எந்தப் பாட்டும் யார் காதிலும் விழாது. கணக்கும் இதைத்தான் சொல்கிறது. 5 வாட்டை 50 வாட் ஆக்கினால் கூடுவது 10 டெசிபல். எதிர்முனையில் சிக்னல் பலத்தைக் காட்டும் மீட்டரில் அது இரண்டு எஸ் படி கூட ஏறாது. நல்ல ஆன்டெனாவை நாலு மீட்டர் உயர்த்தினால் பல நேரம் அதைவிட அதிகப் பலன் கிடைக்கும்.

இன்னொரு குற்றச்சாட்டு எல்லை தாண்டுவது. சிபி முடிகிற இடத்துக்கு மேலே, 28 மெகாஹெர்ட்ஸில் ஹாம்களின் 10 மீட்டர் பேண்ட் தொடங்குகிறது. இரண்டுக்கும் நடுவே இடைவெளி குறைவு. செட்டில் ஒரு கம்பியை வெட்டி மேலே ஏறிப்போய் கால்சைன் இல்லாமல் பேசுபவர்கள் இன்றும் உண்டு. சட்டத்தை மதிக்கும் சிபிகாரருக்கும் அவர்களால்தான் கெட்ட பெயர்.

5 வாட் சிபி குரல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போவது உண்மையா?

உண்மை. சூரியப் புள்ளிகள் பெருகும் ஆண்டுகளில் வானத்தின் அயனி மண்டலம் 27, 28 மெகாஹெர்ட்ஸ் அலைகளைத் திருப்பி அனுப்பும். இதை ‘ஸ்கிப்’ என்பார்கள். சூரியச் சுழற்சி ஏறக்குறைய 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை உச்சத்துக்கு வரும். 1957-58இல் வந்த உச்சம் பதிவுகளிலேயே மிகப் பெரியது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்: உள்ளூர்ப் பேச்சுக்கென்று சிபியைத் திறந்த அதே நேரத்தில், அந்த அலைவரிசை உலகம் சுற்றிக்கொண்டிருந்தது! தூரத்து நிலையங்களோடு பேசக் கூடாது என்று அமெரிக்காவில் விதி போட்டார்கள், 250 கிலோமீட்டர்தான் எல்லை என்றார்கள். யாரும் மதிக்கவில்லை. 2017இல் அந்த விதியையே எடுத்துவிட்டார்கள்.

இந்தியாவில் சிபி சட்டப்படி சரியா?

சரிதான். 2005இல் வந்த விதிப்படி 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை, 5 வாட்டுக்கு மிகாமல், உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். செட் இந்திய அரசின் அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். நீங்கள் யாருக்கும் இடைஞ்சல் செய்யக் கூடாது. உங்களுக்கு இடைஞ்சல் வந்தால் பாதுகாப்புக் கேட்கவும் முடியாது.

அந்த இடைஞ்சல் வரத்தான் செய்யும். 27.12 மெகாஹெர்ட்ஸை நடுவாக வைத்த இதே பகுதிதான் தொழில், மருத்துவக் கருவிகளுக்கும் ஒதுக்கப்பட்டது. பிசியோதெரபியில் வலிக்குச் சூடு கொடுக்கும் டயாதெர்மி இயந்திரமும், பிளாஸ்டிக் ஒட்டும் இயந்திரமும் இங்கே ஓடலாம். குழந்தைகளின் ரிமோட் கார் பலவும் இதே 27தான். ஹாம்களிடமிருந்து 1958இல் பிடுங்கியது இப்படி ஏற்கெனவே இரைச்சல் நிறைந்த ஓர் இடத்தை என்பதை ஹாம் நண்பர்கள் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

அமெரிக்காவிலிருந்து மச்சான் 40 சேனல் சிபி செட் கொண்டுவந்தார். ஏற்காட்டில் பயன்படுத்தலாமா?

அப்படியே பயன்படுத்த முடியாது. முதலில் இந்திய அங்கீகாரம் இருக்காது. அடுத்தது அலைவரிசை. அமெரிக்காவின் 1ஆம் சேனல் 26.965, 40ஆம் சேனல் 27.405. நம் எல்லை 27.283இல் முடிகிறது. 27ஆம் சேனல் 27.275இல் இருப்பதால் உள்ளே வரும். 28ஆம் சேனலே 27.285. அதிலிருந்து 40 வரை எல்லாம் நம் எல்லைக்கு வெளியே. செட்டின் முகப்பில் இருக்கும் எண்ணைப் பார்த்து இது தெரியாது. ‘சிபிக்கு லைசென்ஸ் வேண்டாம்’ என்ற பாதிச் செய்தியை மட்டும் கேட்டுவிட்டு வாங்குபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

சங்ககிரி, நாமக்கல் என்று நம்மைச் சுற்றி இத்தனை லாரிகள். இங்கே ஏன் சிபி வளரவில்லை?

காலம் தவறிவிட்டது. அமெரிக்க டிரைவர்கள் சிபியில் பேசிய எழுபதுகளில் நம் நாட்டில் வயர்லெஸ் என்றாலே அரசாங்க விஷயம். உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்ற விலக்கு 2005இல் வரும்போது டிரைவர்கள் கையில் செல்போன் வந்துவிட்டது.

எனக்கு இதில் வருத்தம் உண்டு. தொப்பூர் கணவாயை எடுத்துக்கொள்ளுங்கள். தர்மபுரியிலிருந்து சேலம் வரும் 44ஆம் எண் நெடுஞ்சாலையில், அந்த இறக்கத்தில் எத்தனை விபத்து நடந்திருக்கிறது என்று இந்தப் பக்கத்து மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முன்னால் ஒரு வண்டி பிரேக் பிடிக்காமல் நிற்கிறது என்றால், பின்னால் வரும் முகம் தெரியாத டிரைவருக்கு அதைச் செல்போனில் சொல்ல முடியுமா? அவர் நம்பர் யாருக்குத் தெரியும்? சிபியில் பொதுச் சேனலில் ஒரு குரல் கொடுத்தால் இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கும் எல்லோருக்கும் கேட்கும். அமெரிக்காவில் 19ஆம் சேனல் இதற்குத்தான் பயன்பட்டது. 9ஆம் சேனலை ஆபத்துக்கென்று ஒதுக்கி, 1962இல் தொடங்கிய ரியாக்ட் என்ற தொண்டர் அமைப்பு அதை இரவு பகலாகக் கேட்டது. சிபியைக் கேலி செய்யும் ஹாம்கள் இந்த வரலாற்றையும் படிக்க வேண்டும்.

நம் ஊரில் ஹாம்களுக்கு உண்மையான தொல்லை யாரால்?

சிபியால் இல்லை. சேலத்தில் 27 மெகாஹெர்ட்ஸைத் திருப்பினால் பெரும்பாலும் இரைச்சல்தான் கேட்கும். இங்கே தொல்லை, இணையத்தில் மலிவாக வாங்கிய வாக்கி டாக்கிகளால் வருகிறது. 136 முதல் 174 வரை, 400 முதல் 520 வரை என்று பெரிய எல்லையில் பேசக்கூடிய செட்டுகள். ஹாம்களின் 144–146, 434–438 மெகாஹெர்ட்ஸ் இரண்டும் அதற்குள் அடங்கிவிடும். அரசுத் துறைகளும் உரிமம் வாங்கிய நிறுவனங்களும் பயன்படுத்தும் அலைவரிசைகளும் அடங்கும். கல்யாண மண்டபம், கட்டட வேலை, சுற்றுலா வண்டி என்று வாங்கியவர்கள் எந்த எண்ணில் பேசுகிறோம் என்றே தெரியாமல் பேசுகிறார்கள்.

அவர்களைத் திட்டி என்ன பயன்? விற்றவர் சொல்லவில்லை. 2025இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விற்பனைத் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. வாக்கி டாக்கி விற்பனைக்கு வழிகாட்டுதலும் வெளியிட்டது. அலைவரிசையையும் உரிம விவரத்தையும் மறைத்து விற்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம். வாங்குபவர் பார்க்க வேண்டியது இது: 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை மட்டும் பேசும், அங்கீகாரச் சான்று உள்ள குறைந்த சக்தி செட்டுகளுக்கு உரிமம் தேவையில்லை. மண்டபத்துக்கும் கடைக்கும் அது போதும்.

ஹாம் அலைவரிசையில் அப்படி யாராவது பேசுவது கேட்டால் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். முதலில் மரியாதையாகச் சொல்லுங்கள்: ‘அண்ணா, இது உரிமம் உள்ளவர்கள் பேசும் இடம், உங்கள் செட்டில் எண் மாறியிருக்கிறது.’ முக்கால்வாசிப் பேர் உடனே விலகிக்கொள்வார்கள். சொல்லியும் கேட்காமல் வேண்டுமென்றே தொந்தரவு செய்தால் புகார் கொடுங்கள். கூடப் போய்ச் சண்டை போடுவது அலைவரிசையை இரண்டு மடங்கு கெடுக்கும்.

ஏற்காட்டில் நின்று பேசினால் எவ்வளவு தூரம் போகும்?

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி 1,600ஐத் தாண்டும். அதாவது சமவெளியைவிட 1,200 மீட்டருக்கு மேல் உயரம். 145 மெகாஹெர்ட்ஸ் போன்ற அலைகள் கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் அலை எட்டும் தொடுவானம் கிலோமீட்டரில் வரும். 1,200க்குப் போட்டுப் பார்த்தால் 140 கிலோமீட்டருக்கு மேல். தரையில் கையில் செட்டோடு நிற்பவருக்கு அது வெறும் 5 கிலோமீட்டர். அதுவும் நடுவில் கட்டடம் இல்லாவிட்டால்.

அதனால்தான் 5 வாட் கைச்செட்டோடு சேலம் பக்கம் பார்த்த ஒரு முனையில் ஏறி நிற்கும் ஹாமுக்குக் கீழே இருக்கும் ஊர்களெல்லாம் எட்டும். ஈரோடு, நாமக்கல் பக்கமெல்லாம் தூரமே இல்லை. தென்கிழக்கில் கொல்லிமலையும் கிழக்கில் கல்வராயனும் மறைக்கும் இடங்கள் மட்டும் விதிவிலக்கு. ஆனால் லேடீஸ் சீட் என்ற காட்சி முனைப் பக்கம் சேலம் மின்னுவதைப் பார்த்துக்கொண்டு பேசிவிட்டு, அதே செட்டோடு ஏரிக்கரைக்குப் போனால் சேலம் காணாமல் போகும். மலையில் எந்தப் பக்கச் சரிவில் நிற்கிறோம் என்பதுதான் எல்லாம். மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் இப்படித்தான். ஒரு வளைவில் தெளிவாகக் கேட்டவர் அடுத்த வளைவில் இருக்க மாட்டார்.

சேலத்துக்குள்ளும் இது உண்டு. நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை, கோதுமலை என்று சுற்றிலும் மலைகள். ஜருகுமலைக்குப் பின்னால் இருப்பவரோடு நகரத்திலிருந்து நேரடியாகப் பேசத் தடுமாற வேண்டும். உயரத்தில் ஒரு ரிப்பீட்டர் இருந்தால் இந்தக் கஷ்டம் தீரும். ஓர் எண்ணில் கேட்டதை இன்னோர் எண்ணில் அதே நொடியில் திருப்பி அனுப்பும் நிலையம் அது. இந்த வசதி ஹாம்களுக்கு உண்டு, சிபிக்குக் கிடையாது.

காபித் தோட்டத்துக்குள் வேலையாட்களோடு பேச 27 நல்லதா?

மரங்கள் அடர்ந்த இடத்திலும் சின்ன மேடு பள்ளங்களிலும் 27 மெகாஹெர்ட்ஸ் அலை, அதிக அலைவரிசைகளைவிட நன்றாக வளைந்து நுழையும். சிக்கல் ஆன்டெனாவில். 27க்குக் கால் அலை நீளம் 2.75 மீட்டர். கைச்செட்டில் அதை வைக்க முடியாது. குட்டையாக்கினால் சக்தியில் பெரும்பங்கு வீணாகும். 145க்கு அரை மீட்டர் போதும். தோட்ட வேலை தொழில் என்பதால் ஹாம் அலைவரிசையை அதற்குப் பயன்படுத்தவே கூடாது, தோட்டக்காரரிடம் ஹாம் உரிமம் இருந்தாலும். சின்னத் தோட்டத்துக்கு 446 கைச்செட், பெரிய தோட்டத்துக்கு முறையான தொழில் உரிமம். இதுதான் என் பதில்.

ஒரு ஹாம் தன் ஹாம் செட்டில் சிபிகாரரோடு பேசலாமா?

கூடாது. சிபிகாரர் ஹாம் பேண்டில் பேசுவதும் கூடாது. ஒருவரே தனித்தனியாக இரண்டு செட் வைத்துக்கொள்ளலாம்.

பேச்சு முறையிலும் வித்தியாசம் உண்டாமே?

உண்டு. செய்தி கிடைத்தது என்பதற்குச் சிபிகாரர் ‘டென் ஃபோர்’ என்பார், ஹாம் ‘ரோஜர்’ என்பார். ஹாம்களின் க்யூஆர்எம் (இடைஞ்சல்), க்யூஎஸ்ஓ (உரையாடல்) போன்ற க்யூ சொற்களும் விடைபெறும்போது சொல்லும் 73உம் தந்திக் காலத்திலிருந்து வந்தவை. சிபியில் புனைபெயர், ஹாமில் கால்சைன். இதைவிட்டால் பெரிய வித்தியாசம் இல்லை. தமிழில் பேச எந்தத் தடையும் கிடையாது. காலை நேரத்தில் 7 மெகாஹெர்ட்ஸில் தென்னிந்திய ஹாம்கள் கூடும்போது அரட்டை முழுக்க நம் மொழிகளில்தான்.

செல்போன் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாம் (அவருடைய கால்சைன் வியு2ஆர்பிஐ) ஒரு குழுவோடு அந்தமானுக்குப் போயிருந்தார். ஹைதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனம் ஏற்பாடு செய்த பயணம். உலக ஹாம்களோடு பேசுவதுதான் நோக்கம். 26ஆம் தேதி சுனாமி வந்தது. தொலைபேசி அற்றுப்போன தீவுகளிலிருந்து, யார் உயிரோடு இருக்கிறார்கள், எங்கே மருந்து வேண்டும் என்ற செய்திகளை அவர்களுடைய நிலையம் நாள்கணக்கில் கொண்டுசேர்த்தது. பொழுதுபோக்குக்காகக் கட்டிய ஆன்டெனா அது.

அந்தக் குழுவுக்கு அது முடிந்ததற்குக் காரணம் அவர்களுக்கு இருந்த பழக்கம். எந்த நேரத்தில் எந்த அலைவரிசை எவ்வளவு தூரம் போகும், ஒரே எண்ணில் பத்துப் பேர் கூப்பிட்டால் யாரை முதலில் கேட்பது, ஒரு பெயரை எழுத்தெழுத்தாக எப்படிச் சொல்வது என்பதெல்லாம் விபத்து நடந்த அன்று கற்றுக்கொள்கிற விஷயங்கள் இல்லை. தேர்வும், அதன் பிறகு தினமும் பேசும் பழக்கமும் ஹாமுக்குத் தருவது இதைத்தான். சிபியைவிட ஹாம் உயர்ந்தது என்று யாராவது சொன்னால் இந்த ஒரு விஷயத்தில் நான் ஒத்துக்கொள்வேன். மதிப்பு உரிம அட்டையில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது.

இன்ப அதிசயங்களும் நிறைய உண்டு. இஸ்ரோ 2005 மே 5ஆம் தேதி ஹாம்களுக்கென்றே ஹாம்சாட் என்ற செயற்கைக்கோளை அனுப்பியது. 2014 வரை அது வேலை செய்தது. சர்வதேச விண்வெளி நிலையத்தின் குரல் 145.800 மெகாஹெர்ட்ஸில் வரும். அது நம் தலைக்கு மேல் கடக்கும்போது பேச்சு நடந்தால், மொட்டை மாடியில் சாதாரணக் கைச்செட்டிலேயே கேட்கும்.

உரிமம் வாங்க என்ன செய்ய வேண்டும்?

வயது 12 ஆகியிருந்தால் போதும். மத்திய தகவல் தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு தேர்வு நடத்தி உரிமம் தருகிறது. அந்தத் துறையின் சரள் சஞ்சார் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். சேலத்துக்காரர்கள் பெரும்பாலும் சென்னைக்குப் போய்த் தேர்வு எழுதுகிறார்கள். இரண்டு தரம் உண்டு. ரெஸ்ட்ரிக்டட் தரத்துக்கு அடிப்படை மின்னியல், ரேடியோ, விதிமுறைகள் மட்டும், மார்ஸ் வேண்டாம். ஜெனரல் தரத்துக்கு மார்ஸும் உண்டு, 400 வாட் வரை அனுமதியும் உண்டு. உரிமம் கைக்கு வரப் பொறுமை வேண்டும். பல மேசை தாண்டி வரும். விதிகளும் கட்டணமும் மாறக்கூடியவை; விண்ணப்பிக்கும் அன்று தளத்தில் இருப்பதைப் படித்துக்கொள்ளுங்கள்.

பத்தாம் வகுப்பு இயற்பியல் நினைவிருந்தால் ரெஸ்ட்ரிக்டட் தேர்வு கடினமில்லை. ஓம் விதியை மனப்பாடம் செய்யாமல் ஒரு பேட்டரியும் இரண்டு பல்பும் வைத்துப் புரிந்துகொள்ளுங்கள்.

அதுவரை கேட்கலாம். ஒரு விஷயம் மட்டும்: சாதாரண ஷார்ட்வேவ் ரேடியோவில் ஹாம் பேச்சு வாத்துக் கத்துவது போலக் கேட்கும். ஹாம்கள் எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப்பட்டை) முறையில் பேசுவதுதான் காரணம். எஸ்எஸ்பி வசதி உள்ள ரேடியோ வேண்டும். உரிமம் உள்ள ஒரு ஹாம் வீட்டுக்குப் போய்க் கேட்பது இன்னும் நல்லது.

வீட்டில் ஆன்டெனா கட்ட எவ்வளவு இடம் வேண்டும்? ஏற்காட்டில் இடி பயம் இல்லையா?

7 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு டைபோல் என்றால் 20 மீட்டர் கம்பி. நடுவில் கேபிள், இரண்டு முனையிலும் கயிறு. மொட்டை மாடியில் தலைகீழ் வி வடிவில் தொங்கவிட்டால் சின்ன வீட்டிலும் அடங்கும். கரண்டுக் கம்பிக்கு அருகில் மட்டும் கட்டாதீர்கள். அறுந்து விழுந்தாலும் எட்டாத தூரம் இருக்க வேண்டும். சேலத்தில் எல்இடி பல்பு, இன்வெர்ட்டர், அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டிப் பக்கம் என்றால் விசைத்தறி மோட்டார்கள் என்று இரைச்சலுக்குக் குறைவில்லை. மின்வெட்டு நேரத்தில் பேட்டரியில் செட்டை ஓட்டிப் பாருங்கள். அலைவரிசை எவ்வளவு அமைதியானது என்று அப்போது தெரியும்.

ஏற்காட்டில் இடியை விளையாட்டாக எடுக்கக் கூடாது. கோடை மழையிலும் ஐப்பசியிலும் மலை மேல் மின்னல் அதிகம். ஆன்டெனா கம்பத்துக்குத் தனியாக நல்ல எர்த் போடுங்கள். பாறை நிலம் என்றால் ஒரு குழி போதாது, பல குழி தோண்டி இணைக்க வேண்டியிருக்கும். மேகம் கருத்ததும் கேபிளைச் செட்டிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள். மலை முனையில் கைச்செட்டோடு நின்றுகொண்டிருந்தால் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு இறங்கிவிடுங்கள். எதிர்முனையில் இருப்பவர் தப்பாக நினைக்க மாட்டார்.

பொம்மை வாக்கி டாக்கியில் பேசிப் பேசி என் மகளுக்கு இதில் பைத்தியம். சிபி செட் வாங்கித் தரட்டுமா, ஹாம் பரீட்சைக்குத் தயார் செய்யட்டுமா?

இரண்டையும் செய்யுங்கள். முதலில், சிபிக்குப் பதிலாக அங்கீகாரம் உள்ள 446 செட் ஒரு ஜோடி வாங்கிக் கொடுங்கள். மாடியிலிருந்து, தெருமுனையிலிருந்து, மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலிருந்தும் பேசிப் பார்த்து எங்கே கேட்கிறது, எங்கே கேட்கவில்லை என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ஏன் கேட்கவில்லை என்று அவளே கேட்பாள். அந்தக் கேள்வி வந்ததும் பரீட்சைப் புத்தகத்தைக் கையில் கொடுங்கள். 12 வயது ஆகவில்லை என்றால் அதுவரை உரிமம் உள்ள ஒருவர் பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும். அவள் கேட்கும் கேள்வி எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பதில் சொல்லும் ஹாமாகப் பார்த்து அழைத்துப் போங்கள்.